வகுப்பு ஒன்று, குழந்தைகள் பல

வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்லி, விரல் எட்டினால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதும், எட்டாவிட்டால் அடுத்த வருஷம் அழைத்து வரும்படி சொல்லி அனுப்பிவிடுவதும் நம் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் நெடுங்காலம் வழங்கிவந்த முறை. பிறப்புச் சான்றிதழ் அரிதாயிருந்த காலத்தில் வயதை ஊகிப்பதற்கு உபாத்தியாயர்கள் கண்ட உபாயம் அது. சேர்த்துக்கொண்ட கையோடு, கணக்குக்குத் தோதான ஏதாவதொரு தேதியைப் பிறந்த தேதியென்று பதிவேட்டில் எழுதியும் விடுவார்கள். அதனால்தான் இன்று ஓய்வூதியம் வாங்கும் தலைமுறையில் பலருக்கு வீட்டில் தெரிந்த பிறந்தநாள் ஒன்றாகவும் சர்க்கார் தாளில் உள்ளது வேறொன்றாகவும் இருக்கிறது. காதைத் தொடும் அந்தப் பரீட்சை விஞ்ஞான பூர்வமானது என்று நான் சாதிக்க வரவில்லை. ஆயினும் அதில் ஒரு விவேகம் இருந்தது: தேதியைப் பாராமல், எதிரே நிற்கும் குழந்தையைப் பார்த்து, இது பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தமாகிவிட்டதா என்று அது கேட்டது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். மூன்றரை வயது நிரம்பியதும் எல்.கே.ஜி.; அந்த வருஷக் கடைசிக்குள் ஆங்கில எழுத்து இருபத்தாறையும் கோடு தாண்டாமல் எழுதியாக வேண்டும்; எழுதாத குழந்தையின் டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வரும்; அந்தக் குறிப்பைக் கண்ட தாய்க்கு அன்றிரவு உறக்கம் போய்விடும். பென்சிலைப் பிடித்து எழுதுவதற்கு வேண்டிய விரல் வலு அந்தப் பிராயத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றுபோல வந்துவிடுவதில்லை என்று அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்வார் இல்லை. ஒரே வயதினரை ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே பாடத்தை ஒரே நாளில் நடத்துவது, லட்சக்கணக்கான பிள்ளைகளைக் குறைந்த செலவில் படிக்கவைப்பதற்காக மனிதர் வகுத்துக்கொண்ட நிர்வாக ஏற்பாடு. அதனால் விளைந்த நன்மைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டை இயற்கையின் நியதியாகவே எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தின் காலண்டரைக் கொண்டு தம் குழந்தையின் மூளையையும் நரம்பையும் அளக்கப் பெற்றோர் தலைப்படுகிறார்களே, அதைத்தான் ஆட்சேபிக்கிறேன். பள்ளிக்கூடம் நாற்பது பேரைச் சேர்த்துப் பார்க்கக் கடமைப்பட்டது. அந்த நாற்பதில் ஒருவனைத் தனியே பார்க்கக் கடமைப்பட்டவர்கள் அவனைப் பெற்றவர்கள். அவர்களும் பள்ளிக்கூடத்தின் பக்கம் போய் நின்றுகொண்டால், பிள்ளைக்குச் சாயங்காலத்துக்கு மேல் போவதற்கு ஒரு வீடு இல்லாமற் போகிறது.

வயதுக்கு ஒரு வகுப்பு என்பது நம் நாட்டில் அவ்வளவு பழைய வழக்கமும் அன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வயதுப் பையனும் பத்து வயதுப் பையனும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மணலில் விரலால் எழுதத் தொடங்கிய பிள்ளை, கை படிந்து எழுத்து மனத்தில் நின்ற பிறகே ஓலைக்குப் போனான். அதற்கு ஒருவனுக்குச் சில மாதங்கள் போதும், மற்றொருவனுக்கு ஒரு வருஷமும் பிடிக்கும். பின்தங்கியவன் என்று அவனை எந்தப் பதிவேடும் குறிக்கவில்லை, ஏனெனில் யாருக்குப் பின்னே என்று கேட்பதற்கு அங்கே வரிசையே இல்லை. சற்று முன்னேறிய மாணாக்கன் சட்டாம்பிள்ளையாயிருந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தி, மாணாக்கரே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு சேர்த்து, 1797-ஆம் ஆண்டில் ஒரு புஸ்தகமாக எழுதி வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. இதனால் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பொற்காலமாகச் சித்திரிக்க விரும்புகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஜாதியின் பெயரால் எத்தனையோ குழந்தைகளுக்கும், பெண் என்ற ஒரே காரணத்தால் அநேகமாக எல்லாப் பெண்களுக்கும் அந்தத் திண்ணையில் இடமில்லை. இடம் கிடைத்தவனையும் கோதண்டத்தில் தொங்கவிட்டுப் பிரம்பால் விளாசிய வாத்தியார்கள் இருந்தார்கள். பிரம்பையும் ஜாதியையும் தள்ளிவிட்டு, அவரவர் வேகம் என்ற அந்த ஒன்றை மட்டும் நாம் வைத்துக்கொண்டிருக்கலாம். செய்தது நேர்மாறு: வேகத்தைக் கைவிட்டோம், பிரம்பை வெகுகாலம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் தத்துவத்தை மீட்டுக்கொள்ளச் சர்க்கார் பள்ளிகளில் முயற்சி நடக்காமலும் இல்லை. 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஏணிப் படிபோல் வரிசைப்படுத்தப்பட்ட அட்டைகளைக் குழந்தை தன் வேகத்திலேயே ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு மேலே சென்றது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் அடைந்திருக்கும் நிலையைக்கொண்டு பிரித்துப் பயிற்சி அளிக்கிறார்கள். இவற்றின் நிறைகுறைகளை ஆராய்வது வேறு விஷயம். என் மனத்தை உறுத்துவது, செயல்வழிக் கற்றல் வந்த புதிதில், பிள்ளை விளையாடிக்கொண்டல்லவா இருக்கிறான், நோட்டில் ஒன்றையும் காணோமே என்று குறைப்பட்டுக்கொண்ட பெற்றோரின் மனோபாவந்தான். குழந்தையின் வேகத்துக்கு இடங்கொடுக்கும் ஒரு முறை வரும்போது, முதலில் சந்தேகப்படுவது பெரும்பாலும் வீடாகவே இருக்கிறது.

குழந்தையைத் தனியே பார்க்க வேண்டும் என்றால், எதை வைத்துப் பார்ப்பது என்ற கேள்வி எழும். நடப்பதையே எடுத்துக்கொள்வோம். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலக சுகாதார ஸ்தாபனம் 2006-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. அதன்படி, ஒரு குழந்தை பிடிமானமின்றித் தானே நடக்கத் தொடங்குவது 8.2 மாதத்திலும் நிகழலாம், 17.6 மாதத்திலும் நிகழலாம். துணையின்றி உட்காருவதற்கே 3.8 முதல் 9.2 மாதம் வரை அவகாசம் இருக்கிறது. கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழாமலே நடைக்குப் போய்விட்ட குழந்தைகளும் நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேல் இருந்தார்கள். எட்டாம் மாதத்தில் நடந்த குழந்தை மேதையும் அன்று, பதினேழாம் மாதத்தில் நடந்தது மந்தமும் அன்று. ஆனால் நம் வீட்டில் நடப்பதென்ன? எதிர்வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் எட்டுவைத்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், பன்னிரண்டாம் மாதத்துக் குழந்தைக்குச் சக்கர வாக்கர் ஒன்று வாங்கி வந்துவிடுகிறார்கள். குழந்தையை நடுவில் தொங்க உட்காரவைத்துத் தரையெங்கும் உருளவிடும் அந்த பிளாஸ்டிக் வாகனம் நடையை விரைவுபடுத்துவதில்லை. விபத்துகளுக்குத்தான் காரணமாகிறது என்று கண்டு, கானடா தேசத்தில் 2004-ஆம் ஆண்டில் அதை விற்பதையே தடை செய்துவிட்டார்கள். நம் தச்சர்கள் செய்து கொடுத்த மர நடைவண்டி இதற்குச் சற்றும் உறவில்லாதது. எழுந்து நிற்கக் கற்ற குழந்தை தன் காலில் நின்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். நிற்காத குழந்தைக்கு அதனால் பிரயோஜனமே இல்லை.

இவ்வளவு அகலமான எல்லையை இயற்கை வகுத்திருக்கிறது என்று கேட்டவுடன், அப்படியானால் கவலையில்லை, எல்லாம் தானாக வந்துவிடும் என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவோரும் உண்டு. அவர்கள் செய்யும் தீங்கு அவசரக்காரர் செய்யும் தீங்குக்குக் குறைந்ததன்று. அகலமானாலும் அந்த எல்லைக்கு ஒரு கரை இருக்கிறது. பதினெட்டு மாதமாகியும் நடக்காத குழந்தையை மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதாகியும் வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாத குழந்தை, பேசிக்கொண்டிருந்த சொற்களைத் திடீரென்று இழந்துவிட்ட குழந்தை — இவர்கள் விஷயத்தில் காத்திருப்பதற்கு நியாயமே இல்லை. ஆனால் நம் வீடுகளில் இந்தக் கட்டத்தில்தான் ஆறுதல்கள் அணிவகுத்து வரும். "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசுவான்" என்பாள் பாட்டி. "இவன் அப்பனுக்கே நாலு வயசுலதான் பேச்சு வந்துச்சு" என்பாள் அத்தை. இவை அன்பினால் சொல்லப்படுபவை என்பதில் ஐயமில்லை, அவற்றைக் கேட்டுக்கொண்டே இரண்டு வருஷம் கழிந்துவிடுகிறது என்பதிலும் ஐயமில்லை.

பேச்சு தாமதமானால் முதலில் பரிசோதிக்க வேண்டியது செவி, நாக்கு அன்று. காது கேளாத குழந்தை பேசக் கற்பது எங்ஙனம்? உறவுக்குள் மணம் செய்துகொள்ளும் வழக்கம் மிகுந்த நம் நாட்டில் பரம்பரையாக வரும் செவிக்குறை அபூர்வமன்று என்பதால், இந்தப் பரிசோதனை நமக்கு இன்னும் அவசியம். காதினுள் காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் செலவாகும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்துகொள்ள இங்கே வழியிருக்கிறது. ஆயினும் செவியின் வழியாகப் பாஷையைப் பற்றிக்கொள்ளும் மூளையின் சக்தி முதல் சில வருஷங்களிலேயே உச்சமாயிருக்கிறபடியால், ஐந்தரை வயதில் ஓடிவருபவருக்குக் கிடைப்பது ஒன்றரை வயதில் வந்தவருக்குக் கிடைத்ததில் ஒரு பகுதிதான். பிறந்தது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிப்பதற்காக மத்திய சர்க்கார் 2013-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், டி.இ.ஐ.சி. என்று சுருக்கமாக வழங்கும் மையங்கள் மாவட்டங்களில் இயங்குகின்றன. பேச்சுப் பயிற்சி, இயன்முறை சிகிச்சை, கண், காது, மனவளர்ச்சி ஆகியவற்றைப் பார்ப்பவர்களை ஓரிடத்தில் சேர்த்து வைப்பது அவற்றின் நோக்கம். தனியார் இடங்களில் ஒரு மணி நேரப் பயிற்சிக்குக் கொடுக்கும் கட்டணத்தை நினைத்து அஞ்சி வீட்டோடு இருந்துவிடுபவர்கள், அரசு மருத்துவமனையில் இப்படி ஓர் அறை இருக்கிறதென்பதையே அறியாமலிருப்பது பரிதாபம்.

இதனோடு ஒட்டி ஒரு மூட நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்குப் பேச்சு தாமதமானால், வீட்டில் இரண்டு பாஷை புழங்குவதுதான் காரணம், தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷில் மட்டும் பேசுங்கள் என்று யோசனை கூறுவோர் படித்தவர்களிலும் இருக்கிறார்கள். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுக் குறை உண்டாவதில்லை என்பது ஆராய்ச்சியாளர் மீண்டும் மீண்டும் கண்ட முடிவு. தாய்க்கு எந்த பாஷையில் கோபமும் கொஞ்சலும் தடையின்றி வருமோ, அந்தப் பாஷையில்தான் குழந்தைக்குச் சொற்கள் செழிப்பாகக் கிடைக்கும். தனக்கே பழக்கமில்லாத ஆங்கிலத்தில் 'கம், சிட், ஈட்' என்று மூன்று சொல்லில் பேச்சை முடித்துக்கொள்ளும் வீட்டில், பேச வராத குழந்தைக்கு மூன்று சொல்லும் வருவது அரிது.

இனி எழுத்துக்கு வருவோம். என் அபிப்பிராயத்தில் நம் பெற்றோர் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுவே. தமிழில் எழுத்து 247 என்கிறோம். குறியீடுகளைக் கற்றுக்கொண்டால் கூட்டிப் படித்துவிடலாம் என்பது வளர்ந்தவர்களுக்குத் தெரிகிற உண்மை. ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணால் அதைப் பாருங்கள். 'கெ' என்று சொல்லும்போது முதலில் வருவது ககர ஒலி, பிறகே எகரம். எழுதும்போதோ கொம்பு முன்னால் போய் நின்றுகொள்கிறது. 'கொ' என்று எழுதினால், ஒரே உயிரொலி மெய்யின் இரு புறத்திலும் பிரிந்து உட்காருகிறது. ஒரே ககரம் 'கல்' என்பதில் ஒருவிதமாகவும், 'தங்கம்' என்பதில் வேறுவிதமாகவும், 'பகல்' என்பதில் பின்னும் ஒருவிதமாகவும் ஒலிக்கிறது. ணகர, னகர, நகரங்களையும், லகர, ளகர, ழகரங்களையும் காதால் பிரித்தறிய முடியாத பேச்சு வழக்கில் வளரும் குழந்தை, அவற்றைக் கண்ணால் மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. பெரும்பாலான குழந்தைகள் இவற்றையெல்லாம் எப்படியோ தாண்டிவிடுகிறார்கள். ஒலியையும் உருவத்தையும் இணைக்கும் அந்த ஒரு சக்தி மட்டும் பிறவியிலேயே மெதுவாக அமைந்த சில குழந்தைகள் தாண்ட முடியாமல் நின்றுவிடுகிறார்கள். அவர்களிடம் புத்தியில் ஒரு குறையும் இராது. கதை சொன்னால் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். கடைக்கு அனுப்பினால் பாக்கிச் சில்லறையைப் பிசகாமல் எண்ணி வாங்கி வருவார்கள். புஸ்தகத்தைத் திறந்தால்தான் முகம் வெளிறிப்போகும். இதைத்தான் டிஸ்லெக்சியா என்கிறார்கள்.

இது இந்தக் காலத்து டாக்டர்கள் கண்டுபிடித்த நாகரிக வியாதி என்று ஏளனம் செய்பவர்களுக்காக ஒரு செய்தி. இங்கிலாந்தில் ஸீஃபோர்டு என்ற கடற்கரை ஊரில் வைத்தியராயிருந்த பிரிங்கிள் மார்கன், 1896-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் 14 வயதுப் பையன் ஒருவனைப்பற்றி எழுதினார். கூர்மையான பையன், விளையாட்டிலும் சளைத்தவன் அல்லன், ஏழு வயதிலிருந்து பள்ளிக்கூடத்திலும் தனி உபாத்தியாயர்களிடமும் எவ்வளவோ பிரயாசைப்பட்டும் சின்னஞ்சிறு சொற்களைக்கூடப் படிக்க வரவில்லை, எண்களோ தடையின்றி வந்தன. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலேயே இவன்தான் முதல்வனாயிருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் மார்கன் குறித்திருக்கிறார். ஏழு வயதிலிருந்து என்பதைக் கவனிக்க வேண்டும். தனி உபாத்தியாயர்கள் அவனுக்கு மேலும் மேலும் கொடுத்தது எதுவோ, அதுதான் அவனுக்குப் பலிக்கவில்லை.

நம் ஊர் டியூஷனைப்பற்றி நான் சொல்ல நினைப்பதும் அதுவே. பிள்ளை படிப்பில் தடுமாறினால் தமிழ்நாட்டுப் பெற்றோருக்குத் தெரிந்த ஒரே ஔஷதம் டியூஷன். பகலில் நாற்பது பேரோடு சேர்ந்து புரியாத பாடம், சாயங்காலம் ஆறு மணிக்கு, களைத்துப்போன நிலையில், இருபது பேரோடு சேர்ந்து அதே வேகத்தில், அதே விதத்தில், இன்னும் சற்று உரத்த குரலில் சொல்லப்படுகிறது. இதில் தேறுகிற பிள்ளை டியூஷன் இல்லாமலே தேறியிருப்பான். முறைதான் மாற வேண்டியிருக்க, நேரத்தை மட்டும் இரட்டிப்பாக்கி, விளையாட வேண்டிய பொழுதையும் அதற்காகப் பறித்துக்கொள்கிறோம். ஐந்தாங்கல்லும் நொண்டியும் பல்லாங்குழியும் விளையாடிய கைகால்களுக்குக் கிடைத்த லாகவமும், எண்ணிப் போட்டு எண்ணி எடுத்த மனத்துக்குக் கிடைத்த கணக்கும் பாடத்திட்டத்தில் சேராதவை என்பதால் நஷ்டக் கணக்கில் எழுதப்பட்டுவிட்டன.

முறை மாறுவதென்றால் பெரிய உபகரணங்கள் ஒன்றும் வேண்டியதில்லை. வாசிக்கத் தடுமாறும் குழந்தைக்கு எழுத்தைக் கண்ணால் மட்டும் காட்டாமல், வாயால் ஒலிக்கச் செய்து, காதால் கேட்கச் செய்து, விரலால் தடவச் செய்து, பல புலன்களின் வழியாகவும் ஏககாலத்தில் புகட்டுவதே உலகெங்கும் இன்று கையாளும் வழி. ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் 1907-ஆம் ஆண்டில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவும்படி செய்தார். 1939-இல் அடையாற்றுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வந்த அவர், யுத்தம் மூண்டிருந்த காரணத்தால் திரும்ப இயலாமல், கோடைக்கானலிலும் பிற இடங்களிலுமாக இந்தியாவிலேயே சில வருஷங்கள் தங்க நேர்ந்தது. விரலால் எழுத்தைத் தடவும் முறை இந்த மண்ணுக்குப் புதிதன்று. விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கிறோமே, அதை ஒரு நாள் சடங்காக முடித்துவிடாமல், தடுமாறும் பிள்ளைக்கு ஒரு வருஷம் நீட்டித்தால் அது சிகிச்சையாகிறது. அதனோடு, தானே படிக்க வராத குழந்தைக்கு நாள்தோறும் பெரியவர் ஒருவர் கதையை வாசித்துக் காட்டுவதையும் நிறுத்தக் கூடாது. கண் வழியாகப் போக முடியாத அறிவு செவி வழியாகவாவது போய்க்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்தில் பின்தங்கியவன் விஷய ஞானத்திலும் பின்தங்கிவிடுவான்.

வாசிக்கும் அந்தப் பெரியவர் தகப்பனாயிருந்தால் நல்லது என்பேன். பேச்சுப் பயிற்சி நடக்கும் எந்த மையத்தின் வாசலிலும் காத்திருக்கும் பெஞ்சியைப் பாருங்கள். தாய்மார், பாட்டிமார், எங்கேயோ ஒரு பெரியப்பா. தகப்பனார் சான்றிதழில் கையெழுத்திட வருகிறார், மதிப்பெண் குறைந்த அன்றைக்கு, "நீ என்னதான் பார்த்துக்கிட்டே?" என்று மனைவியைக் கேட்கவும் வருகிறார். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் மற்றொரு சிரமமும் உண்டு. ஒருவனுக்கு மூன்று மணி நேரம், இன்னொருவனுக்கு அரை மணி என்று தாய் பிரித்துக் கொடுத்தால், பாரபட்சம் என்ற பேச்சு எழுகிறது. தேவைக்கு ஏற்றபடி கொடுப்பது பாரபட்சமாகாது. ஆனால் சௌகரியமாகப் படித்துவிடுகிற மூத்தவளுக்குத் தேவையே இல்லையென்று தீர்மானித்து, எட்டு வயதிலேயே அவளை இன்னொரு தாயாக ஆக்கிவிடுவது அநியாயம். வகுப்பை மிஞ்சி ஓடும் பிள்ளையும் தனியே பார்க்கப்பட வேண்டிய பிள்ளைதான். சமர்த்து என்ற ஒரே குற்றத்துக்காக அவளை யாரும் கவனிப்பதில்லை.

கவனிப்பது அவசியம் என்றேன். முத்திரை குத்துவதில் நிதானமும் அவ்வளவுக்கு அவசியம். கானடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை நன்கு விளக்குகிறது. அங்கே டிசம்பர் 31-ஐ எல்லையாக வைத்து வகுப்பில் சேர்ப்பதால், டிசம்பரில் பிறந்த பிள்ளை வகுப்பிலேயே இளையவன், ஜனவரியில் பிறந்தவன் மூத்தவன். ஏ.டி.ஹெச்.டி. என்ற கவனக்குறைவுக் கோளாறு இருப்பதாக முடிவு செய்யப்பட்டவர்களில், ஜனவரிப் பையன்களைவிட டிசம்பர்ப் பையன்கள் 30 சதவிகிதமும், ஜனவரிப் பெண்களைவிட டிசம்பர்ப் பெண்கள் 70 சதவிகிதமும் அதிகமாயிருந்தார்கள். பிறந்த மாதம் கோளாறை உண்டாக்காது. பதினோரு மாதம் இளைய குழந்தை பதினோரு மாதம் இளைய குழந்தையைப்போலவே நடந்துகொண்டது, அவ்வளவுதான். அந்தக் கோளாறு உண்மையிலேயே உள்ள குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. அதை மறுப்பதும் மூடத்தனமே. ஆனால் வகுப்பாசிரியை ஒருவரின் புகாரை மட்டும் கொண்டு முடிவுக்கு வராமல், வீட்டில், விளையாட்டில், உறவினர் நடுவில் குழந்தை எப்படியிருக்கிறது என்று சில மாதங்கள் தேதியிட்டு ஒரு நோட்டில் குறித்துவைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகும் பெற்றோர், எந்தப் பரிசோதனைச் சாலையும் தர முடியாத தகவலை அவருக்குத் தருகிறார்கள்.

முத்திரைக்கு அஞ்சுவதில் மற்றொரு வகை இருக்கிறது. அதுதான் சட்டம் கொடுத்திருப்பதைக்கூடக் கையில் வாங்கவிடாமல் செய்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இடம்பெற்றிருந்தன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 ஆக விரித்து, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் அவற்றுள் சேர்த்தது. தமிழ்நாட்டுப் பொதுத் தேர்வுகளில் டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும், சொல்வதை எழுத ஒருவரும், ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசமும் விண்ணப்பித்தால் கிடைக்கின்றன. மூக்குக் கண்ணாடி அணிந்து பரீட்சை எழுதுபவனைப் பார்த்து யாரும் சலுகை என்று சொல்வதில்லை, இதுவும் அதுபோன்றதே. ஆனால் சான்றிதழ் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும், பெண்ணாயிருந்தால் நாளைக்கு வரன் பார்க்கும்போது பேச்சு வரும் என்று ஒன்பது வருஷம் மறைத்துவைத்துவிட்டு, பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் பிள்ளை எல்லாவற்றிலும் தோற்ற பிறகு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பரீட்சை அலுவலகத்துக்குமாக ஓடுகிறார்கள். அந்த ஒன்பது வருஷமும் சோம்பேறி என்றும் திமிர் பிடித்தவன் என்றும் அவன் பெற்ற பெயர்கள் எந்தச் சான்றிதழிலும் இல்லாத முத்திரைகள். அவற்றை அழிக்க விண்ணப்பப் படிவம் கிடையாது.

பழியைப் பெற்றோர்மேல் மட்டும் போட்டுவிட்டு நான் நழுவிக்கொள்வதும் முறையன்று. ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குக் குழந்தையையோ பெற்றோரையோ பரீட்சித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாதென்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விதித்திருக்கிறது. அப்படியிருந்தும் பிற பெயர்களில் அது நடக்கிறதென்பதை நகரவாசிகள் அறிவார்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளையின் பெற்றோரை அழைத்து, வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று நயமாகச் சொல்லும் நிர்வாகங்கள் இருக்கும் வரையில், மறைக்காதே என்று பெற்றோருக்கு உபதேசிப்பதில் அர்த்தமில்லை. இந்தச் சலுகைகளுக்கான படிவத்தைப் பத்தாம் வகுப்பு வரை காத்திராமல், ஆறாம் வகுப்பிலேயே தலைமையாசிரியர் தாமாக அழைத்துக் கொடுக்க வேண்டும். வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அங்கே நடக்கும் மருத்துவ முகாம்களில் கை, கால், கண், காது பார்ப்பவர்களோடு, ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டு வாசிப்புச் சிரமத்தைக் கண்டறியக்கூடிய உளவியலாளர் ஒருவரும் தவறாமல் உட்கார வேண்டும். அவர் எழுதிக் கொடுக்கும் தாளை எந்தப் பள்ளியும், சர்க்கார் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும், மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கல்வித்துறை ஓர் உத்தரவு போட்டால், அலையும் தாய்மாரில் பாதிப்பேராவது அந்த வருஷமே அலைவதை நிறுத்திவிடுவார்கள்.